யாரும் குறை சொல்லாத குழம்பு

ஓய்வூதியம் வரும்வரை இருந்திருக்கலாமே, ஏன் கடற்படையை விட்டு வந்தீர்கள் என்று பிள்ளைகள் நீங்கள் கேட்கிறீர்கள். ஒரு மீன்குழம்புதான் காரணம் என்றால் சிரிப்பீர்கள். சிரியுங்கள், ஆனால் முழுவதையும் கேளுங்கள்.

காங்கேசன்துறைப் பக்கத்து முகாமில் நான் சமையல்காரன். மத்தியானச் சாப்பாட்டு நேரம் அதிகாரி ஒருவர் மண்டபத்துக்கு வந்து, "குறை ஏதும் உண்டா?" என்று கேட்பார். அது படையின் வழக்கம். நான் சேர்ந்த புதிதில் இளம் மாலுமிப் பெடியள் அந்தக் கேள்விக்காகவே காத்திருப்பார்கள்.

"பருப்புக்குள்ளை கல்லோ, கல்லுக்குள்ளை பருப்போ?" என்பான் ஒருவன்.

"அண்ணையைக் கப்பலிலை ஏத்துங்கோ சேர், எதிரி மணத்துக்கே ஓடிடுவான்!" என்பான் இன்னொருவன்.

எழுபதுகளில் அந்தச் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. பதவி உயர்வுக்குச் சிங்கள மொழிச் சோதனை எழுத வேண்டும். எங்கள் தமிழ்ப் பெடியள் பலர் தோற்றார்கள். சிலர் எழுதவே இல்லை. சீருடையோடு பஸ்ஸில் ஏறினால் பக்கத்து இருக்கையில் எங்கள் சனமே இருக்காது. தெற்கிலிருந்து வந்தவர்களும் இடமாற்றத்தையே பார்த்திருந்தார்கள்.

என் ஒப்பந்தச் சேவைக்காலம் அப்போது முடியவிருந்தது. அதை நீடிக்க அதிகாரியின் பரிந்துரை வேண்டும். அந்த நேரம் பார்த்து, மற்றச் சமையல்காரர் உப்புப் போட்டது தெரியாமல் நானும் குழம்புக்கு உப்புப் போட்டுவிட்டேன். பரிமாறிய பிறகுதான் நாக்கில் வைத்துப் பார்த்தேன். கடல் தண்ணீர்! அதற்குள் அதிகாரி வாசலில் நின்றார். ஒருவன் வாய் திறந்தாலும் என் வேலை போய்விடும்.

"குறை ஏதும் உண்டா?"

ஒருவரும் நிமிரவில்லை. தண்ணீரைக் குடித்துக் குடித்துச் சாப்பிட்டார்கள். அவர் ருசி பார்க்கவும் இல்லை.

"எல்லாருக்கும் திருப்தி. நாளைக்கு வந்து நீடிப்புக்குக் கையெழுத்து வை" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

தப்பினேன். ஆனால் அவர்கள் ஏன் குறை சொல்லவில்லை என்று புரியவில்லை. பருப்புக் கதை சொன்னவனைக் குசினி வாசலில் மறித்தேன்.

"ஏனடா பேசாமல் இருந்தனி? எனக்காகவோ?"

"அப்பிடியே நினைச்சுக்கொள்ளுங்கோ அண்ணை." அவன் சிரிக்கவில்லை. "இஞ்சை இருக்கப்போறவன்தானே குறையெல்லாம் கதைப்பான்."

"அப்ப நீ?"

"தவணை முடியட்டும், போயிடுவன்."

பக்கத்தில் சாப்பாட்டுக் கோப்பை கழுவிக்கொண்டிருந்தவர்களும் அதற்குத் தலையாட்டினார்கள். அன்று மிஞ்சிய குழம்பை வெளியே ஊற்றும்போது, இனி யாருக்குச் சமைக்கப்போகிறேன் என்று யோசித்தேன்.

மறுநாள் அதிகாரி பேனையை நீட்டினார்.

"வேண்டாம் சேர்" என்றேன்.

அவர் திகைத்துப்போனார். "ஏன், ஏதும் குறையா?"

"இல்லை சேர்" என்றேன் நானும்.