முப்பத்தெட்டு டிகிரி காட்டிய படம்

பரமசிவம் தொண்ணூற்றொன்றில் கோவில்பட்டியிலிருந்து ஓசூருக்கு வந்தபோது, மூக்கண்டப்பள்ளியில் பிடித்த வாடகை வீட்டில் மின்விசிறி மாட்டக் கொக்கி இல்லை. அப்போதைய ஓசூர் குளிருக்கு யாருக்கும் தேவைப்படவில்லை. ஊருக்கு எழுதிய முதல் கடிதத்தில் அதைத்தான் பெருமையாக எழுதினார்.

முப்பத்து மூன்று வருடம் கழித்து, 2024 ஏப்ரலில், அவர் சூபர்வைசராக இருந்த, இரும்பைக் காய்ச்சி அடிக்கும் ஃபோர்ஜிங் ஷாப்பில் மாதேஷ் விழுந்தான். ஹாமர் ஆபரேட்டர். மதியம் இரண்டேகால் மணி. பழுக்கக் காய்ச்சிய இரும்பைக் குறட்டில் பிடித்தபடி நின்றவன் அப்படியே சரிந்தான். பரமசிவம்தான் அவனை வெளியே இழுத்துப்போட்டுத் தண்ணீர் ஊற்றினார். வெப்பத்தில் சிறுநீரகம் அடி வாங்கியிருந்தது. இன்னொரு தடவை இப்படி ஆனால் கஷ்டம் என்று அவன் மனைவி சரிதாவிடம் டாக்டர் சொன்னார். மே மாதமே மாதேஷ் அதே ஹாமருக்குத் திரும்பினான். வேறு வேலை இல்லை.

அடுத்த ஏப்ரலில் பெங்களூரிலிருந்து சுமலதா வந்தாள். ஆவணப்படம் எடுப்பவள். இந்தப் பக்கத்தில் வருடா வருடம் கூடிவரும் வெயில் உலைக்கு முன்னால் நிற்பவனை என்ன செய்கிறது என்பதுதான் படம். விழாக்களுக்கு அனுப்புவதற்கு முன்னால், ஓசூர் தொழிற்பேட்டையின் சிறுதொழில் முதலாளிகளுக்கும் தொழிற்சாலை ஆய்வாளருக்கும் அதைப் போட்டுக் காட்டுவது அவள் திட்டம். ஏப்ரல், மே மாதங்களில் பன்னிரண்டிலிருந்து மூன்று மணி வரை ஹாமர்களை நிறுத்த வைக்க வேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்டது. பரமசிவத்தின் ஷாப் முதலாளி பிரதாப், கம்பெனி பெயர் வரக்கூடாது என்ற நிபந்தனையோடு ஒரு நாள் அனுமதி கொடுத்தார்.

அந்த ஒரு நாளில்தான் பரமசிவம் தப்புச் செய்தார்.

அந்த ஷாப்பில் 'விசிட்' என்று ஒரு சொல் போதும். வாடிக்கைக் கம்பெனியிலிருந்து தணிக்கைக்கு ஆள் வருகிறார்கள் என்று அர்த்தம். உடனே கூரைமேல் ஹோஸ் ஏறும். வடக்கு ஷட்டர் திறக்கும். இரண்டு ஃபர்னஸில் ஒன்று அணையும். ஸ்டோரிலிருந்து நான்கு பெடஸ்டல் ஃபேன் வரும். தரையில் மஞ்சள் கோடு புதிதாகும். இந்த ஏற்பாட்டை உருவாக்கியவரே பரமசிவம்தான். அதற்காகக் கேடயம் வாங்கியிருக்கிறார். கேமராவோடு ஆள் வருகிறது என்றதும், யாரும் சொல்லாமலே, காலை ஏழு மணிக்கு எல்லாவற்றையும் செய்து முடித்தார்.

திரையிடலுக்கு ஐந்து நாள் முன்பு சுமலதா படத்தைப் போனில் அனுப்பினாள். மகள் தமிழ்செல்வி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். அளவுக் கருவிகளைச் சரிபார்ப்பது அவள் தொழில். ஷாப் தூணில் தொங்கும் வெப்ப டயலுக்குச் சான்று கொடுத்ததும் அவள்தான். டயல் முழுத்திரையில் வந்ததும் படத்தை நிறுத்தினாள்.

"எப்படிப்பா முப்பத்தெட்டு?"

"கூரைல தண்ணி விட்டிருந்தோம்லா."

"யாரு விடச் சொன்னா?"

"யாரும் சொல்லல. வெளியாளு வாராங்கன்னா ஷாப்பு சும்மாவா கெடக்கும்?"

"அவங்க வந்ததே சூட்டைப் படம் எடுக்கத்தாம்ப்பா."

பரமசிவம் திரையைப் பார்த்தபடி இருந்தார். "இப்பத்தான் உறைக்குது," என்றார்.

டயல் சரியாகத்தான் காட்டியிருந்தது. அதன் முன்னால் வேறொரு ஷாப்பைக் கொண்டுவந்து நிறுத்தியது அவர்.

சுமலதாவிடம் சொல்லிவிடச் சொன்னாள் மகள். சொல்ல வேண்டும் என்றுதான் அவரும் நினைத்தார். சொன்னால் இத்தனை வருடத் தணிக்கை வேஷமும் கலையும். செப்டம்பரில் ஓய்வு, அதற்குப் பிறகும் வேலையில் வைத்துக்கொள்வதாகப் பிரதாப் சொல்லியிருந்தார். ஐந்து நாளும் அவர் சொல்லவில்லை.

ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமை பகல் ஒரு மணிக்குத் திரையிடல் அரங்கில் நாற்பது பேர் இருந்தார்கள். முன்வரிசையில் ஆய்வாளர் அம்மா. மூன்றாம் வரிசையில் பரமசிவமும் மாதேஷும். திரையில் சரிதா வாசலில் நின்று பேசினாள்: "ஷிஃப்ட்டு முடிஞ்சு வந்தா நான் முகத்தப் பாக்க மாட்டேங்க. கால் தரிச்சு நிக்குதான்னு பாப்பேன்."  அடுத்து டயல் வந்தது.

பிரதாப் எழுந்தார். "அங்கயே நிறுத்துங்க. முப்பத்தெட்டு. அன்னைக்கு ரோட்ல முப்பத்தேழு. ஃபர்னஸ் பக்கத்துல ஒரே ஒரு டிகிரிதான் ஜாஸ்தி. இதுக்கு மூணு மணி நேரம் ஹாமரை நிறுத்தணுமா?"

"எங்க வீட்டு மொட்டை மாடி இதவிடச் சூடு சார்," என்றார் பின்னால் ஒருவர். சிரிப்பு பரவியது. சுமலதா பதிலுக்குத் தன் காகிதங்களைப் புரட்டினாள். 

ஆய்வாளர் திரும்பினார். "அந்த ஷாப் சூபர்வைசர் வந்திருக்காரா? இந்த ரீடிங் சரிதானா?"

மாதேஷ் குரலைத் தாழ்த்தினான். "சொல்லுங்கண்ணா. ஹோஸைப் புடிச்சவன் நான்தானே, தப்புல எனக்கும் பங்கு இருக்கு."

பரமசிவம் எழுந்தார். முன்னிருக்கையைப் பிடித்துக்கொண்டார்.

"டயல் சரிங்கம்மா. ஷாப்பு தெனமும் அப்படி இருக்காது. ஒரு ஃபர்னஸை நிறுத்தியிருந்தேன். கூரைல தண்ணி விட்டேன். ஃபேன் வச்சேன். முதலாளி சொல்லி இல்ல. விசிட்டுன்னா செய்யுற பழக்கம், நானே செஞ்சுட்டேன்."

"பரமசிவம், உக்காருங்க," என்றார் பிரதாப்.

அவர் உட்காரவில்லை.

"இன்னைக்கு எவ்வளவு இருக்கும்?" என்றார் ஆய்வாளர்.

"போய்ப் பாத்தாத்தாம்மா தெரியும்."

ஆய்வாளர் மணி பார்த்தார். ஒன்று ஐம்பது. பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

வாசலில் கார்கள் கிளம்பும் முன் பிரதாப் போனைக் காதில் வைத்தபடி ஒதுங்கிப் போவதைப் பரமசிவம் பார்த்தார். ஷாப் பத்து நிமிட தூரம். அவசரத்துக்கு விசிட் ஏற்பாட்டில் பாதியாவது பத்து நிமிடத்தில் முடிகிற மாதிரி ஆட்களைப் பழக்கியிருந்தார். அவரும், அன்று தனக்குப் பதிலாக ஷாப்பைப் பார்த்துக்கொண்டிருந்த ஆனந்தை அழைத்தார்.

"அண்ணே, சார் இப்பத்தான் சொன்னாரு. விசிட்டாமே. ஃபேன் எடுக்க ஆள் போயாச்சு."

"போன ஆளைத் திரும்பக் கூப்பிடு. ஷட்டர் அடைச்சே கெடக்கட்டும். ரெண்டு ஃபர்னஸும் ஓடட்டும்."

"வெளையாடுறீங்களா? விசிட்டுண்ணே."

"தெரியும்டா."

"சார் கேட்டா?"

"நான் சொன்னேன்னு சொல்லு."

 ஆனந்தின் பின்னால் ஹாமர் அடிக்கும் சத்தம் கேட்டது. "நீங்க செப்டம்பர்ல போயிருவீங்க. நான் இங்கதாண்ணே இருக்கணும்."

 "மாதேஷு என் பக்கத்துலதான் நிக்கான். திங்கக்கிழமை அவன் அந்த ஹாமர்ல நிக்கணும், ஆனந்து," என்றார். இணைப்பு துண்டானது.

சுமலதாவின் காரில் அவரும் மாதேஷும் ஏறினார்கள். மாதேஷ் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தான். லாரி ஒன்று குறுக்கே நின்று நான்கு நிமிடம் போனது. பரமசிவம் அதைக் கைக்கடிகாரத்தில் பார்த்தார்.

கேட்டில் இறங்கியதும் முதலில் கூரை விளிம்பைப் பார்த்தார். சொட்டவில்லை. வடக்கு ஷட்டர் அடைத்திருந்தது. உள்ளே இரண்டு ஃபர்னஸும் உறுமின. தரை நடுவில் இரண்டு ஃபேன்கள் நின்றன. வயர் சுற்றியது சுற்றியபடி இருந்தது, பிளக்கில் செருகவில்லை. பக்கத்தில் ஆனந்த் யாரையும் பார்க்காமல் நின்றான்.

டயலில் நாற்பத்தொன்பது.

ஆய்வாளர் ஏழு நிமிடம் நின்றார். பிறகு வெளியே வந்து, கேட் வாட்ச்மேனின் ஸ்டூலில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். 

சுமலதா கேமராவை இறக்காமல் வந்து, கன்னடம் கலந்த தமிழில் கேட்டாள். "சார், ஒந்து நிமிஷம். இன்னொரு தடவை உள்ளேயிருந்து நடந்து வர்றீங்களா?"

"நடிக்க மாட்டேம்மா. ஒருக்க நடிச்சதே போதும்."

மே முதல் வாரத்தில் ஆய்வாளரிடமிருந்து கடிதம் வந்தது. ஹாமர்கள் பன்னிரண்டு முதல் மூன்று வரை நின்றன. வேலை காலை ஐந்து மணிக்குத் தொடங்கியது. பிரதாப் பரமசிவத்திடம் அதன்பின் வேலையைத் தவிர வேறு பேசவில்லை. செப்டம்பரில் ஒரு மாலை போட்டு அனுப்பிவைத்தார்கள். ஓய்வுக்குப் பிந்தைய வேலை பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை. அவரும் கேட்கவில்லை.

சுமலதா முப்பத்தெட்டைப் படத்திலிருந்து வெட்டவில்லை. அடுத்தே நாற்பத்தொன்பதை வைத்தாள். இரண்டுக்கும் நடுவே, அரங்கில் ஓடிய இன்னொரு கேமராவில் பதிவான பரமசிவத்தின் பேச்சு. கிருஷ்ணகிரி வரை எட்டு ஷாப்களில் போட்டுக் காட்டினாள். எல்லா இடத்திலும் அந்த இடம் வந்தால் தொழிலாளர்கள் சிரித்தார்கள். எங்க ஷாப்பிலும் இதேதான் என்று முதலாளி காதுபடச் சொன்னார்கள். ஐந்து ஷாப்கள் நேரத்தை மாற்றின. மூன்று மாற்றவில்லை.

பரமசிவம் ஜனவரி ஒன்பதாம் தேதி காலை ஏழு மணிக்கு வீட்டில் இறந்தார். இதயம். வயது ஐம்பத்தெட்டு. உலை முன்னால் கழிந்த முப்பத்து நான்கு கோடைக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா என்று கேட்க இறப்புச் சான்றிதழில் இடம் இல்லை.

இந்த ஏப்ரலிலும் மாதேஷ் அதே ஹாமரில்தான் இருக்கிறான். பன்னிரண்டு மணிக்கு அது நிற்கிறது. நிறுத்துகிற சூபர்வைசர் ஆனந்த்.