ராய்ஸ் டிங்மனின் நிலவறை கேசட்டுகள்

அமெரிக்காவின் ஆக்ரன் நகரத்தில் வாக்யூம் கிளீனர் பழுதுபார்ப்பதுதான் ராய்ஸ் டிங்மனுக்குச் சோறு போட்ட தொழில். ஆனால் யாராவது கேட்டால், "நான் ராக் இசைக்காரன்" என்றுதான் சொல்வார். அவர் வீட்டிலிருந்த கிடாரில் கிடார் கம்பி இருக்காது. வேலிக் கம்பியைத்தான் முறுக்கிக் கட்டியிருப்பார். ஃப்ரிட்ஜ் மோட்டார், ஆணி டப்பா, கதவுக் கீல் என்று வீட்டில் சத்தம் போடுகிற எதையும் பாட்டில் சேர்த்துக்கொள்வார். குளிர்காலம் வந்தால் போதும், வீட்டு நிலவறைக்குள் இறங்கிவிடுவார். பனி உருகும்போது ஒரு புதுக் கேசட்டோடு மேலே வருவார்.

அதைக் காசு கொடுத்து வாங்கியவர்கள் என்று யாரையும் சொல்ல முடியாது. ஆனாலும் அந்தத் தெருவில் ராய்ஸின் கேசட் இல்லாத வீடே கிடையாது. கல்யாணமா, கேசட். குழந்தை பிறந்ததா, கேசட். பக்கத்து வீட்டுக்காரர் ஹால் நெட்டில்டனுக்குக் குடலிறக்க அறுவை சிகிச்சை நடந்தபோது ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கே ஒன்று போய்ச் சேர்ந்தது. அதைக் கேட்டுவிட்டு ஹால் ஒருநாள் வேலியோரம் வந்து நின்றார்.

"ராய்ஸ், நீ குடுத்தது ரிப்பேர்ப்பா. ரெண்டாவது பக்கத்துல ஒரு சத்தமும் வரல."

"அது மௌனம், ஹால். வேணும்னே வச்சது."

"அடப்பாவி! அதுக்காக நான் பிளேயரையே கழட்டிப் போட்டுட்டேனே!"

ராய்ஸின் மனைவி வெர்னா பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தவள். இருநூறு பிள்ளைகளின் இரைச்சலுக்கு மேலே கத்திப் பழகிய தொண்டை. அந்தத் தொண்டைதான் ராய்ஸின் தீராத தலைவலி. பாட்டு உச்சத்துக்குப் போகும் நேரம் பார்த்து, "ராய்ஸ்! சாப்பாடு ஆறிப்போகுது!" என்று மேலேயிருந்து ஒரு குரல் வந்து விழும். கூரையில் பழைய மெத்தையை ஆணியடித்துப் பார்த்தார். கதவிடுக்கில் கம்பளியைத் திணித்தார். குரல் மெத்தையையும் துளைத்துக்கொண்டு வந்தது. டேப்பில் அழிக்க முடிந்த இடத்தில் அந்தக் குரலை அழித்தார். மற்றதைத் தலையெழுத்து என்று விட்டுவிட்டார்.

இப்படியே இருவருக்கும் தலை நரைத்தது. அப்போதுதான் சிக்காகோவிலிருந்து இமோஜின் பார் என்ற பெண் வந்து கதவைத் தட்டினாள். சின்ன இசைத்தட்டுக் கம்பெனி ஒன்றை நடத்துகிறவள். ஏதோ பழைய சாமான் கடையில் ராய்ஸின் கேசட் ஒன்று அவள் கையில் சிக்கியிருக்கிறது. ராய்ஸ் பதிவுசெய்த எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் தட்டாக வெளியிட வேண்டும் என்றாள். ராய்ஸுக்குத் தரையில் கால் பாவவில்லை. வெர்னா அவளை உட்காரவைத்து, பாலாடைக்கட்டி போட்ட மக்ரோனியைப் பரிமாறினாள்.

இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு இமோஜின் கேட்டாள்: "சார், அந்தப் பாட்டுக்காரம்மா இப்ப எங்க இருக்காங்க?"

"எந்தப் பாட்டுக்காரம்மா?"

"அந்தக் கேசட்டுல பல பாட்டுல வர்றாங்களே. தூரத்துல இருந்து ஒரு குரல். அது வந்ததும் கிடார் அப்படியே நடுங்கி அடங்கும். எங்க ஆளுங்களுக்கு உசுரே அந்த இடந்தான்."

வெர்னா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். ராய்ஸின் முகம் சுருங்கிப்போனது. வாழ்நாளெல்லாம் மெத்தை கட்டி மறைத்ததற்கா இந்தப் பாராட்டு?

மறுநாளே வேலிக் கம்பிக் கிடாரைத் தூக்கிக்கொண்டு ஹால் நெட்டில்டனின் கார் கொட்டகைக்குக் குடிபெயர்ந்தார். வெர்னாவின் சத்தம் எட்டாத இடத்தில் சுத்தமாக ஒரு பதிவு செய்து காட்டப்போகிறாராம். அங்கே யாரும் கூப்பிடவில்லை. பாட்டு போனது, போனது, போய்க்கொண்டே இருந்தது. எங்கே நிறுத்துவது என்று ராய்ஸுக்கு விளங்கவில்லை. கடைசியில் டேப் தீர்ந்துபோய் அதுவாக நின்றது. ஹாலைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினார்.

ஹால் தாடையைச் சொறிந்தார். "தப்பா நெனச்சுக்காத. முன்னாடியெல்லாம் உன் பாட்டக் கேட்டா கோவமாவது வரும். இதக் கேட்டா ஒண்ணுமே வரல."

ராய்ஸ் அங்கேயே ஒரு கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து யோசித்தார். இத்தனை வருஷமாகத் தன் பாட்டு ஒவ்வொன்றையும் முடித்து வைத்தது யார் என்று அப்போதுதான் உறைத்தது. சாப்பாட்டு வேளை நெருங்க நெருங்க விரல் தானாக வேகம் பிடிக்கும். குரல் வந்ததும் அடங்கும். தாளம் அவருடையது, முடிவு வெர்னாவுடையது.

வீட்டுக்குப் போய், "கீழ வந்து ஒரு தடவ கூப்பிடேன்" என்று குழைந்தார். வெர்னா ஏப்ரனைக் கழற்றி, தலையை வாரிக்கொண்டு வந்து மைக்கின் முன்னால் நின்றாள். தொண்டையைச் செருமினாள்.

"அன்புள்ள ராய்ஸ், உணவு தயாராக உள்ளது."

"ஏண்டி, என்னைக்காவது இப்படி கூப்பிட்டிருக்கியா?"

"மைக்குக்கு மரியாதை வேண்டாமா? சரி, அத விடு. இந்த ஃப்ரிட்ஜ் மோட்டார் பாட்டு ஒண்ணு போட்டியே, அதுல மோட்டார் ரெண்டாவது தடவ உறுமும்போது நீ தாமதமாத்தான் நுழையுற. அப்பவே சொல்லணும்னு நெனச்சேன்."

சொல்லிவிட்டு அந்த மோட்டாரின் உறுமலை மூக்காலேயே இழுத்துக் காட்டினாள். எங்கே ஏறும், எங்கே திக்கும் என்று அச்சு அசலாக. அதை முடித்துவிட்டு அடுத்ததையும் பாடினாள். ஆணி டப்பா உருட்டிய பாட்டு, கதவுக் கீல் பாட்டு என்று ராய்ஸே மறந்துபோனதெல்லாம் வரிசையாக வந்தன. அவர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

"இதெல்லாம் நீ கேட்டியா?"

"வேற வழி? நடுவுல இருக்கறது ஒரு மரப்பலகை." பிறகு கொஞ்சம் தணிந்த குரலில், "சிலது நல்லாவும் இருந்துச்சு" என்றாள்.

ராய்ஸ் நாற்காலிமேல் ஏறி, கூரை மெத்தையின் ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்க ஆரம்பித்தார்.

பழைய கேசட்டுகள் தட்டுகளாக வெளிவந்தன. ஊர் ஒன்றும் புரண்டுவிடவில்லை. எங்கெங்கோ இருந்த சிலர் வாங்கினார்கள், ரசித்தார்கள். புதிய பதிவை இருவரும் சேர்ந்தே செய்தார்கள். தட்டின் உறையில் யார் பெயர் முதலில் என்று சமையலறையில் ஒரு வாரம் சண்டை நடந்து, வெர்னா ஜெயித்தாள். இப்போது பதிவு கோடையில்தான் நடக்கிறது. நிலவறைக் குளிர் அவள் முழங்காலுக்கு ஆகாது. மோட்டார் உறுமலில் ராய்ஸ் இன்னும் தாமதமாகத்தான் நுழைகிறார் என்று அவள் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள்.