கொத்துக் கடை எழுத்தில் ஒரு கோரிக்கை

இன்று காலை செல்வி அக்காவும் நானும் பலாங்கொடைக்குப் போய்ப் பதாகை அடித்தோம். அக்கா எங்கள் தேயிலைத் தோட்டத்து மாதர் சங்கத் தலைவி. நாளை தோட்ட ஆபீஸ் முன்னால் பிடிக்க, தமிழில் ஒன்று, சிங்களத்தில் ஒன்று: 'லயத்துக்குக் குடிதண்ணீர் வேண்டும்.' லயம் என்றால் நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகள்.

அச்சுக்கடைத் தங்கச்சி கணினியில் ஓர் எழுத்துருவைப் போட்டுக் காட்டினாள். தடித்த தூரிகையை மையில் முக்கி, ஒரே மூச்சில் இழுத்த மாதிரி இருந்தது. மயிர் பிரிந்த தடம் ஓரமெல்லாம் தெரிந்தது.

"இது கொத்து ரொட்டிக் கடைக்குப் போடுற எழுத்துங்க. நேர்த்தியா ஒன்னு போடுங்க," என்றேன்.

அக்கா விடவில்லை. "நேர்த்தியா எழுதித்தானே இத்தன வருசமா கேக்குறோம்."

தமிழ்ப் பதாகை முதலில் வந்தது. மை காயட்டும் என்று கடை வாசலில் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றோம். கணினியில் பார்த்த அதே எழுத்துதான். ஆனால் 'தண்ணீர்' என் இடுப்பு உயரத்துக்கு நின்றது. நாங்கள் யாரும் இதுவரை அவ்வளவு சத்தமாகக் கேட்டதில்லை.

எங்கள் தோட்டத்துக்கு ஓடும் பஸ்ஸின் ட்ரைவர் சிங்களக்காரர். பஸ்ஸை ஓரங்கட்டிவிட்டு எட்டிப் பார்த்தார்.

"அக்கே, எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது," என்றார், தமிழிலேயே. "ஆனா யாருக்கோ நல்லா ஏசுறீங்கன்னு விளங்குது."

அக்கா என் பக்கம் திரும்பினாள். "சிங்களத்துலயும் இதே மாதிரி எழுத்து இருக்கான்னு கேளு."

இருக்கிறது. நாளை இரண்டு மொழியிலும் ஏசப்போகிறோம்.

நீங்கள் எல்லாம் இன்னும் நேர்த்தியாகத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறீர்களா?