கல்லைக் கவ்வி வந்த நாய்

எங்கள் தோட்டத்தில் மாதம் ஒருமுறை சனிக்கிழமை சாயங்காலம் படம் போடுவார்கள். தேயிலைத் தொழிற்சாலைக்குப் பக்கத்துத் திடலில் இரண்டு கம்பங்களுக்கு நடுவே வெள்ளைத் துணி கட்டியிருக்கும். துரைக்கும் கணக்கெழுதும் கிராணிக்கும் முன்னால் நாற்காலி, எங்களுக்குச் சாக்கும் கம்பளியும். எண்பதுகளின் தொடக்கம் அது. எனக்குப் பத்து வயதிருக்கும். வழக்கமாகத் தமிழ்ப் படம்தான் வரும். அன்று வந்ததோ ஆதிமனிதர்களின் கதை. பேச்சே கிடையாது, உறுமல்தான். "வசனம் எங்க?" என்று சனம் முணுமுணுத்தது. பின்னாலிருந்து ஒருவர், "சும்மா பாருங்கலா. இன்னிக்குத் தொரைக்கும் நமக்கும் ஒரே அளவுதான் புரியும்" என்றார். சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

அப்பா சிரிக்கவில்லை. அன்று காலைதான், ஆளெடுக்கும் பெரட்டில் வைத்துக் கங்காணி சொல்லியிருந்தார். நாங்கள் குடியிருந்த லைன் வீடுகளின் நாய் ஒன்று யாருடைய பிள்ளையையோ கடித்துவிட்டதாம். திங்கட்கிழமை துப்பாக்கிக்காரர்கள் வருகிறார்கள், லைன் வீடுகளில் ஒரு நாயும் மிஞ்சக் கூடாது என்பது துரை உத்தரவு. எங்கள் வீட்டில் ஒரு செவலை நாய் இருந்தது. அப்பா தேயிலைக்கு மருந்தடிக்கப் போகும் மலைக்கெல்லாம் பின்னாலேயே போய், அவருடைய சோற்றுத் தூக்குக்குக் காவல் கிடக்கும். அம்மாவுக்கோ அதைக் கண்டாலே ஆகாது. கருவாட்டைத் திருடும், அடுப்புச் சாம்பலில் படுத்துப் புரளும். "சனியனே" என்று அவள் விறகுக்குக் குனிந்தால் போதும், அது அடுத்த லைனில் இருக்கும்.

படத்தில் ஒருவன் மலையிலிருந்து விழுந்து கால் ஒடிந்து கிடக்கிறான். அவன் கூட்டம் அவனை விட்டுவிட்டுப் போய்விடுகிறது. அடிபட்ட ஓநாய் ஒன்று அவனுக்குத் துணையாகிறது. எங்கள் மலையில் ஓநாய் ஏது? நாங்கள் அதை நாயாகத்தான் பார்த்தோம். குளிர்காலம் முழுக்க இருவரும் சேர்ந்து வேட்டையாடி, சேர்ந்து தூங்குகிறார்கள். கடைசியில் அவன் தன் கூட்டத்தைக் கண்டுபிடிக்கிறான். அவர்களோ ஓநாயைப் பார்த்ததும் ஈட்டியைத் தூக்குகிறார்கள். அது பிழைத்துப் போகட்டும் என்று, அவன் அழுதுகொண்டே அதைக் கல்லால் அடிக்கிறான். அது போகாமல் அவனையே பார்த்துக்கொண்டு நிற்கிறது.

அந்த நேரம் பார்த்துத்தானா அந்த நாசமாய்ப்போன மூடுபனி இறங்க வேண்டும்! வெளிச்சம் பாதி வழியிலேயே பனியில் நின்றுவிட்டது. துணியில் ஒன்றும் தெரியவில்லை. உறுமலும் கல் விழும் சத்தமும் மட்டும் கேட்டன. ஓநாய் போயிற்றா, திரும்பி வந்ததா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு நடக்கும்போது, "கல்லால அடிச்சாத்தான் போவும்" என்றார் அப்பா. எதைச் சொல்கிறார் என்று அம்மா கேட்கவில்லை.

மறுநாள் காலை, லெம்பா பெர்த்தாம் பள்ளத்தாக்குக்கு இறங்கும் பாதை வரைக்கும் அப்பா நாயைக் கூட்டிக்கொண்டு போனார். கீழே சீனர்களின் காய்கறித் தோட்டங்கள். அங்கே ஓடிவிட்டால் எப்படியும் பிழைத்துக்கொள்ளும் என்று நினைத்தார். நானும் அம்மாவும் சற்றுத் தள்ளி நின்றோம். அப்பா ஒரு கல்லை எடுத்து எறிந்தார். ஒருநாளும் அதன்மேல் கைவைத்தவர் இல்லை அவர். நாய் ஓடிப்போய்க் கல்லைக் கவ்விவந்து, அவர் காலடியில் போட்டு வாலாட்டியது. இன்னொன்று எறிந்தார். அதையும் கொண்டுவந்தது. 'நாயைக் கண்டால் கல்லைக் காணோம், கல்லைக் கண்டால் நாயைக் காணோம்' என்பார்கள். சொன்னவன் எங்கள் அப்பாவின் நாயைப் பார்த்ததில்லை. அடுத்த கல் விலாவில் பட்டது. வீலென்று கத்தியது. பிறகு அந்தக் கல்லை முகர்ந்து பார்த்துவிட்டு, அதையும் கவ்விக்கொண்டு வந்தது.

அப்பா பாதையிலேயே உட்கார்ந்துவிட்டார். "என்னால முடியாது புள்ள. நாளைக்கு வந்து என் கண்ணு முன்னாலயே சுட்டுட்டுப் போவட்டும்."

அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் போனாள். கல்லைத் தொடக்கூட இல்லை. குனிந்தாள், அவ்வளவுதான். நாய் வாலை இடுக்கிக்கொண்டு இறக்கத்தில் பாய்ந்தது. வளைவில் நின்று திரும்பிப் பார்த்தது. "ஓடு சனியனே, ஓடிப் பொழைச்சுக்க" என்று அம்மா மறுபடியும் குனிந்தாள். அதன் பிறகு அதைக் காணவில்லை. குனிந்தவள் நிமிரவில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே அழுதாள். அவள் அந்த நாய்க்காக அழுவாள் என்று நான் நினைத்ததே இல்லை. எனக்குப் பயமாக இருந்தது.

திங்கட்கிழமை துப்பாக்கிச் சத்தம் தேயிலை மேடெல்லாம் கேட்டது. அன்று லைனில் யாருக்கும் சோறு இறங்கவில்லை.

சில மாதம் கழித்து, கீழே ஒரு முட்டைக்கோஸ் தோட்டத்தில் செவலை நாய் ஒன்று காவல் இருப்பதாகக் காய்கறி லோரிக்காரர் சொன்னார். அப்பா என்னை அழைத்துக்கொண்டு அவருடைய லோரியில் கிளம்பினார். அம்மாவும் ஒரு டப்பாவோடு வந்து ஏறிக்கொண்டாள். உள்ளே சோறும் பொரித்த கருவாடும். இது எதற்கு என்று அப்பா கேட்கவில்லை. கேட்டிருந்தால் வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார்.

எங்கள் நாய்தான். அப்பாவைக் கண்டதும் மேலே பாய்ந்து முகத்தையெல்லாம் நக்கியது. அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஏதேதோ சொன்னார். பிறகு அது வரப்பில் நின்ற அம்மாவைப் பார்த்தது. வால் கீழே இறங்கியது.

அம்மா அசையாமல் நின்றாள். டப்பாவை மட்டும் என் பக்கம் நீட்டினாள்.

"நீ வை" என்றாள். "நான் குனிஞ்சா ஓடிரும்."