நாலு மணி நேரம் தாங்கும்

பிள்ளைப்பாக்கத்தில் எங்கள் வீட்டுத் திருட்டு அலாரம் அடிக்கடி செத்துப்போனது. பேட்டரி மட்டமான சரக்கு என்று மெக்கானிக்கிடம் சத்தம் போட்டேன்.

அவர் அலாரப் பெட்டியின் பதிவைக் காட்டினார். "பேட்டரி நல்லாத்தான் கீது சார். நீங்க ஷிஃப்டுக்குப் போனதும் ஆறே காலுக்குக் கரண்ட் நிக்குது, மதியம் வருது. ஈபி கட்டு இவ்ளோ கரெக்டா வராது. வெளிய மெயினை யாரோ ஆஃப் பண்றாங்க."

வீட்டின் மாற்றுச் சாவி பக்கத்து வீட்டில் இருக்கும் என் சொந்த அண்ணனிடம் மட்டுமே இருந்தது. பீரோவைத் திறந்தேன். என் பங்கு நிலத்தின் பத்திரம் இல்லை.

அலாரம் மாட்டிய அன்று அண்ணன் கேட்டார்: "கரண்ட் போனா இது எவ்ளோ நேரம்டா தாங்கும்?"

"நாலு மணி நேரம்ணா."

அக்கறையில் கேட்கிறார் என்று நினைத்து, பேட்டரியைக் கழற்றியே காட்டினேன். அப்போதிருந்த பெருமையை நினைத்தால் இன்றும் கூசுகிறது.