உமரியைப் பச்சையாக்கியவர்

உமரிச் செடிக்கு நல்ல தண்ணீர் ஊற்றிக் கொன்றவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கிற உத்தேசமும் இல்லை.

அயனம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு நாற்றுப்பண்ணையில் மேற்பார்வை பார்க்கிறேன். எண்ணூர்ப் பக்கம், கழிமுகத்து உப்புச் சேற்றில் மொட்டையாகிப் போன ஓர் இடத்தில் மறுபடி உமரி நட, அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனி ஒன்று நாற்று கேட்டது. முழங்கால் உயரம்கூட வராத செடி. அரிசி போல குண்டு குண்டாக இலை. கடல் தண்ணீர் ஏறி இறங்கும்போது சேறு கரைந்து போகாமல் அதன் வேர்தான் பிடித்து வைக்கும்.

போர்வெல் தண்ணீரில் வளர்ந்த நாற்றை நேராக அங்கே நட்டால் சுருண்டுவிடும். அதனால் தண்ணீரில் கல்லுப்பைக் கரைத்து, வாராவாரம் கொஞ்சம் கூட்டிக்கொண்டே ஊற்றுவோம். ஊற்றுவது திருவேற்காட்டிலிருந்து வரும் பெண்.

"இன்னாக்கா, செடிக்கு ரசம் வச்சினுகீறியா?" என்று முதல் நாள் சிரித்தாள்.

உப்பு ஏற ஏற உமரி சிவக்கும். செடி தேறிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். நாற்றுத் தட்டுகள் வரிசையாகச் சிவந்து நின்றதைப் பார்த்து எனக்கு அப்படி ஒரு பெருமை.

நடவுக்கு முன்பு ஒரு கல்யாணத்துக்காக ஊருக்குப் போய்விட்டேன். கம்பெனி அதிகாரி பண்ணைக்கு வந்திருக்கிறார். செடி காய்கிறது என்று அவராகவே முடிவு செய்து, லாரித் தண்ணீரும் யூரியாவும் வரவழைத்திருக்கிறார். ரொம்பச் சிவந்த தட்டுகளைக் குப்பையில் போடச் சொல்லியிருக்கிறார். ஒரு போன் செய்து கேட்க அவருக்கு விரல் வலித்ததா?

திரும்பி வந்தால் எல்லாம் பச்சைப்பசேல். மறுபடி உப்பு ஏற்ற அவகாசம் கேட்டு அதிகாரியிடம் கத்தினேன்.

"பேனர்ல பசுமைன்னு போட்டிருக்கோம் மேடம். இப்ப எவ்ளோ ஃப்ரெஷ்ஷா இருக்கு பாருங்க. கெஸ்ட்டுக்கெல்லாம் சொல்லியாச்சு."

விருந்தாளிகள் தொப்பியும் கையுறையுமாக வந்தார்கள், நட்டார்கள், போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அடுத்த பௌர்ணமிக்கு உப்புத் தண்ணீர் ஏறியது. அத்தனையும் கறுத்துக் கூழாகிக் கிடந்தன.

மோட்டார் கொட்டகைக்குப் பின்னால், குப்பைக்குப் போன தட்டுகள் மட்டும் சிவப்பாகவே இருந்தன. அந்தப் பெண் அவற்றுக்குப் பழையபடி உப்புத் தண்ணீரே ஊற்றியிருந்தாள்.

"குப்பைக்குப் போனதுக்கு இன்னா ஊத்துனா அவருக்கு இன்னா?" என்றாள்.

இருவரும் அவற்றை மின்சார ரயிலில் எண்ணூருக்குத் தூக்கிப்போய், அதே சேற்றில் ஓர் ஓரமாக நட்டோம். வேர் பிடித்துக்கொண்டது.

மறு வருஷம் அதே அதிகாரி போட்டோகிராபரோடு வந்தார். கம்பெனி வைத்தது பிழைத்துவிட்டதாம், பக்கத்தில் நின்று படம் எடுக்கவேண்டுமாம். அடையாளம் காட்ட எங்களையும் வரச் சொல்லியிருந்தார். செடியைப் பார்த்தார். காரிலிருந்து குடிதண்ணீர் கேனை இறக்கினார்.

"ரெட்டா இருக்கே மேடம். கொஞ்சம் தண்ணி விட்டுப் பார்ப்போமா?"

கேனைப் பிடுங்கி மொத்தத்தையும் அவர் ஷூவில் ஊற்றினேன். அவர் முகம் சிவந்தது.

"அக்கா, சாரும் தேறிட்டாரு" என்றாள் அவள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஓரத்தைத் தவிர மற்ற இடமெல்லாம் மொட்டையாகவே கிடந்தது.