அப்பா பார்த்துச் சொல்ல வேண்டிய படங்கள்

திருத்தங்கலுக்கு டூரிங் கொட்டகை வந்த புதிதில், பிள்ளைகள் சினிமா பார்க்க அப்பா ஒரு சட்டம் போட்டார். அவர் முதலில் பார்த்து, நல்ல படம் என்று சொன்ன பிறகுதான் நாங்கள் போகலாம். அவருக்குத் தீப்பெட்டி லேபிள் அச்சடிக்கிற பிரஸ்ஸில் வேலை. முதல் தாளை இரண்டு தரம் பார்க்காமல் மெஷினை ஓட்ட விடமாட்டார். வீட்டிலும் அதே கண்டிப்பு.

"இன்னொரு தடவ பாத்துட்டுத்தாம்லே சொல்ல முடியும்," என்பார். அவர் மறுபடி பார்த்துவிட்டு வருவதற்குள் கொட்டகையில் படம் மாறிவிடும். நாங்கள் போஸ்டரைப் பார்த்தே வளர்ந்தோம்.

சினிமா கண்ணைக் கெடுத்துவிடும் என்பதும் அவர் கட்சிதான். சில வருஷத்தில் எங்கள் வீட்டின் முதல் மூக்குக்கண்ணாடி அவருக்கு வந்தது. அதை மாட்டிக்கொண்டு எங்களிடம் பெருமையாகக் கேட்டார்: "பாத்தீங்களாலே, நான் அன்னைக்கே சொன்னேன்ல?"